பனோரமாவில் பார்வைக் கோணம்: படங்களை ஒட்டும் மென்பொருளான ஹகினை நெடுநாள் பயன்படுத்தியதில் தெரிந்தவை

பல படங்களை ஒட்டி முடித்த பனோரமா எத்தனை டிகிரியை அடக்கியிருக்கிறது என்று கண்டுபிடிக்க, லென்ஸில் பொறித்த எண் மட்டும் போதாது. படம் எந்த ப்ரொஜெக்‌ஷனில் விரிக்கப்பட்டது, அதாவது சுற்றியுள்ள காட்சி எந்த முறையில் தட்டைப் படமாக்கப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

36 மி.மீ. அகல சென்சாரில் 6000 பிக்சல் இருந்தால் மி.மீ.க்கு 166.7 பிக்சல். அப்போது 24 மி.மீ. லென்ஸின் குவியத் தூரம் 4000 பிக்சல். அதில் எடுத்து ஒட்டிய பனோரமா 8000 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்ட்ரிக்கல் (காட்சியை உருளையில் பதித்து விரிப்பது) என்றால் 8000-ஐ 4000-ஆல் வகுத்து 57.3-ஆல் (ஒரு ரேடியனின் டிகிரி அளவு) பெருக்க, 114.6 டிகிரி வரும். ரெக்டிலீனியர் (நேர்கோடுகளை நேராகவே காட்டும் தட்டை விரிப்பு) என்றால் அகலத்தில் பாதியை 4000-ஆல் வகுத்து, டேன் இன்வர்ஸ் எடுத்து இரட்டிக்க, 90 டிகிரிதான். பிக்சல் அகலம் ஒன்றே, கோணத்தில் 24.6 டிகிரி வித்தியாசம். படத்தைச் சிறிதாக்கியிருந்தால் அந்த 4000-உம் அதே விகிதத்தில் குறையும். இதை மறந்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கிற பிழை.

எந்த ப்ரொஜெக்‌ஷன் என்று தெரியாவிட்டால் கட்டடங்களைப் பாருங்கள். தூண்கள் நேராக நின்று, கண்மட்டத்துக்கு மேலுள்ள கூரை விளிம்பு மட்டும் வளைந்தால் சிலிண்ட்ரிக்கல். எல்லாக் கோடும் நேராக இருந்து ஓரங்கள் இழுபட்டுத் தெரிந்தால் ரெக்டிலீனியர்.

ஹகினில் மிகவும் பிடித்தது, ஒட்டும் விவரங்களைச் சேமிக்கும் அதன் பிடிஓ (.pto) கோப்பு. சாதாரண எழுத்துக் கோப்புதான். எந்த எடிட்டரிலும் திறக்கும். ‘பி’ (p) என்று தொடங்கும் வரியில் ‘எஃப்’ (f) எழுத்தை ஒட்டிய எண் ப்ரொஜெக்‌ஷன்: 0 ரெக்டிலீனியர், 1 சிலிண்ட்ரிக்கல், 2 ஈக்விரெக்டாங்குலர் (முழுக் கோளத்தையும் செவ்வகமாக விரிப்பது). ‘வி’யை (v) ஒட்டியது முழுப் பரப்பின் கிடைக்கோணம். ஆனால் அது க்ராப்புக்கு (ஓரங்களை வெட்டுவதற்கு) முந்தைய கோணம். சிலிண்ட்ரிக்கலிலும் ஈக்விரெக்டாங்குலரிலும் வெட்டிய அகலத்தை முழு அகலத்தால் வகுத்து அந்தக் கோணத்தோடு பெருக்கினால் போதும். ரெக்டிலீனியரில் இந்த நேர்விகிதம் செல்லாது. அசல் மையத்திலிருந்து இரு ஓரங்களுக்கும் தனித்தனியே டேன் இன்வர்ஸ் எடுத்துக் கூட்ட வேண்டும்.

குறை என்று சொன்னால், லென்ஸ் கோணத்தையும் ஹகினையே திருத்தச் சொல்லும்போது விடை எப்போதும் நம்பும்படி இருக்காது. முழுச் சுற்று எடுத்து, கடைசிப் படத்தையும் முதல் படத்தையும் கட்டுப்பாட்டுப் புள்ளிகளால் (இரு படங்களிலும் ஒரே இடத்தைக் குறிக்கும் புள்ளிகள்) இணைத்தால் மிக நன்றாக வரும், ஏனென்றால் கூட்டுத்தொகை 360 ஆகியே தீர வேண்டும். 24 மி.மீ. என்று குறித்த லென்ஸ் அருகில் ஃபோகஸ் செய்யும்போது 24.7 போல நடந்துகொண்டால், செங்குத்தாகப் பிடித்த படத்தின் அகலக் கோணம் 53.1 அல்ல, 51.8. அதையும் இந்த முறை பிடித்துவிடும். டெலி லென்ஸில் நாலைந்து படம் மட்டும் எடுத்தால் அப்படிக் கட்டிப்போட எதுவும் இல்லை. எண் எங்கோ போய் நிற்கும். அங்கே கோணத்தைப் பூட்டிவிட்டு, படங்களின் நிலைகளை மட்டும் சீராக்குவதே நல்லது. கேமராவை லென்ஸின் நுழைவுத் துளையை (முன்னாலிருந்து பார்த்தால் லென்ஸுக்குள் தெரியும் துவாரம்) மையமாக வைத்துத் திருப்பாவிட்டால், அருகிலுள்ள பொருள்களின் இடப்பெயர்ச்சியும் கணக்கைக் கெடுக்கும்.

எடுக்கும் முன்பே கணக்குப் போட: படங்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, திருப்பும் அளவால் பெருக்கி, ஒரு படத்தின் கோணத்தைக் கூட்டுங்கள். 24 மி.மீ. செங்குத்தாக, 30 டிகிரி இடைவெளியில் 7 படம் என்றால் 180-உம் 53-உம் சேர்ந்து 233. வெறுமனே 7-ஐ 53-ஆல் பெருக்கி 371 என்று சொல்பவர்கள் ஓவர்லேப்பை (அடுத்தடுத்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதி) விட்டுவிடுகிறார்கள்.

டெலி லென்ஸைச் சரிபார்க்க, துருவ நட்சத்திரத்தைச் சுட்டும் சப்தரிஷி மண்டலத்தின் முன் இரு விண்மீன்கள் உதவும். அவற்றுக்கிடையே சுமார் 5.4 டிகிரி. இரண்டும் ஒற்றைப் படத்தின் நடுவில் வருமாறு எடுத்து, பிக்சல் இடைவெளியை 0.094-ஆல் (5.4 டிகிரியின் ரேடியன் அளவு) வகுத்தால் குவியத் தூரம் பிக்சலில் கிடைக்கும். மேலே சொன்ன சென்சாரில் 50 மி.மீ. லென்ஸுக்கு இடைவெளி 783 பிக்சலை ஒட்டி வர வேண்டும்.