ஒரே குழலில் இரண்டு மருந்தா?

குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கி வைத்திருப்பவர் எவருக்கும் ஒருநாள் இந்த ஆசை வரும்: பழைய டப்பாவில் ஒரு மருந்து கொஞ்சம் மிச்சம், புது டப்பாவில் வேறொன்று, கலந்து போட்டால் என்ன? கலப்பதிலும் வகை உண்டு, எல்லாவற்றுக்கும் ஒரே பதில் கிடையாது.

கருமருந்தையே, அதாவது பழைய கறுப்பு வெடிமருந்தையே, டூ எஃப், த்ரீ எஃப் என்று பருமன் மாற்றிக் கலப்பது வீண்வேலை. எஃப் கூடக்கூட மணி பொடியாகும், வேகமாக எரியும், அழுத்தம் ஏறும். கலந்த புட்டியைத் தூக்கிக்கொண்டு நாலடி நடந்தாலே பொடி அடியில் இறங்கிவிடும். முதல் சூடும் பத்தாவது சூடும் ஒன்றாக இருக்காது.

கருமருந்துக்குப் பதிலாகப் போடும் மாற்று மருந்துகளான பைரோடெக்ஸையும் டிரிப்பிள் செவனையும் கலப்பது அதைவிட மோசம். இவற்றை எடை போட்டல்ல, கொள்ளளவால் அளப்பார்கள். கருமருந்துக்கான அளவுக்குழாயில் 100 கிரெய்ன் (மருந்தை அளக்கும் சிறு எடை அலகு) குறிவரை பைரோடெக்ஸை நிரப்பித் தராசில் வைத்தால் ஏறக்குறைய 70 கிரெய்ன்தான் நிற்கும். டிரிப்பிள் செவனோ வீரியம் கூடியது. கருமருந்தின் வேகமே போதுமென்றால் அளவை 15 சதவீதம் குறைக்க வேண்டும். கலவைக்கு எந்தக் கணக்கு? தயாரிப்பாளரே கலக்காதே என்கிறார்.

கலப்பதற்குச் சக்கிமுக்கித் துப்பாக்கிக்காரர் சொல்லும் காரணத்தில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. மாற்று மருந்து பற்றிக்கொள்ளக் கூடுதல் சூடு வேண்டும். சுத்தியல் அடித்ததும் வெடிக்கும் சிறு தொப்பியின் நெருப்புக்குப் பற்றிக்கொள்ளும், சக்கிமுக்கியின் பொறி விழும் கிண்ணியில் பற்றி, துளை வழியே வரும் நெருப்புக்கு லேசில் பற்றாது. அதனால் அடியில் ஒரு சிட்டிகை கருமருந்து, மேலே மாற்று மருந்து. நான் கேட்பது இதுதான்: கிண்ணிக்கென்று கருமருந்து வாங்கித்தானே ஆக வேண்டும், அதையே முழுக்கப் போட்டால் என்ன? கழுவ அலுப்பு என்பார்கள். உண்மைதான், கருமருந்தில் பாதிக்கு மேல் எரிந்தபின் திடக் கசடாகவே மிஞ்சும். வெந்நீரில் துணி கறுத்துக்கொண்டே வரும். ஆனால் மாற்று மருந்தும் குழலை அரிக்கும், அன்றைக்கே கழுவத்தான் வேண்டும். கந்தகமே இல்லாத டிரிப்பிள் செவன்கூட மருந்து இருந்த இடத்துக்குச் சற்று மேலே கெட்டியாக ஒரு வளையம் கட்டும். அடுத்த குண்டை இடித்து இறக்கும்போது கோல் அங்கே முட்டுவது கைக்கே தெரியும்.

புகையில்லா மருந்துக்குப் பேச்சே இல்லை, ஒரு சிட்டிகைகூடக் கூடாது. 1884-இல் பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியேய் கண்டுபிடித்த வகை இது. அழுத்தம் ஏற ஏற எரியும் வேகமும் தாறுமாறாக ஏறும். கருமருந்துக்கென்று செய்த குழல் பிளந்துவிடும். பின்வழி கெட்டிக்கும் பந்தயத் துப்பாக்கிகளில் ஒரு காலத்தில் கருமருந்தையும் புகையில்லா மருந்தையும் அடுக்கிச் சுட்டார்கள் என்பார்கள். அது வேறு துப்பாக்கி. சாவேஜ் 10எம்எல்-2 என்ற வாய்வழித் துப்பாக்கி புகையில்லா மருந்தைத் தாங்கியது. அதற்கென்றே கட்டப்பட்டது அது.

லேபிள் போன டப்பாவையும் புகையில்லா மருந்தின் கணக்கிலேயே சேருங்கள். நிறத்தை நம்பவே முடியாது: புகையில்லா மருந்துக்கும் கிராஃபைட் பூச்சு உண்டு, அதுவும் கருஞ்சாம்பலாகத்தான் இருக்கும்.