பினாங்கு மண்ணில் ஐரிஸும் நுண்சத்துப் பொடியும்: சில ஆண்டு அனுபவம்

தாடி ஐரிஸ் என்ற பூச்செடிக்குக் குளிர்காலம் வேண்டும். நான் இருக்கும் பினாங்கு ஆயர் ஈத்தாம் வெயிலில் அதற்கு வழியில்லை. அதனால் நான் வளர்ப்பது அதே குடும்பத்தைச் சேர்ந்த ‘நடக்கும் ஐரிஸ்’: மஞ்சள் பூ பூக்கும் டிரிமேசியா, வெள்ளையும் நீலமும் கலந்த நியோமாரிக்கா. இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், செம்பு, போரான், மாலிப்டினம் சேர்ந்த நுண்சத்துப் பொடியைச் சில ஆண்டுகளாக இரண்டுக்கும் கொடுத்து வருகிறேன்.

வாசல் செம்மண் பாத்தியில் இதனால் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த மண்ணின் சிவப்பே இரும்பால் வந்தது. மண்ணில் புளிப்புத்தன்மை இருப்பதால் வேருக்கும் அது கிடைத்துவிடுகிறது. அங்கே காசைக் கொட்ட வேண்டாம்.

கொடுத்த காசுக்குப் பொடி உழைத்தது தேங்காய்நார்த்தூள் தொட்டிகளில்தான். குருத்து இலை வெளிறி, நரம்பு மட்டும் கோடு கோடாகப் பச்சையாக இருந்தது. லிட்டருக்கு அரை கிராம் கரைத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றிவந்தேன். அப்புறம் விரிந்த இலைகளெல்லாம் நல்ல கரும்பச்சை. பலன் தெரிகிறதா என்று குருத்தில்தான் பார்க்க வேண்டும். இரும்பு பழைய இலையிலிருந்து புது இலைக்கு எளிதில் நகராது. அடி இலை முதலில் மஞ்சளானால் மெக்னீசியக் குறையாக இருக்கலாம். அதற்கு எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) போதும்.

வடிகால் ஓரச் செடிகள்தான் பாடாய்ப் படுத்தின. வீடு கட்டியபோது விழுந்த சிமெண்டுக் கழிவு அங்கே மண்ணோடு கலந்திருக்கிறது. அதனால் மண்ணின் புளிப்பு குறைந்து, பிஎச் (புளிப்பு-கார அளவு) 7-ஐத் தாண்டியிருந்தது. வழக்கமான பொடியில் இரும்பு, அதை வேருக்குக் கிடைக்கும்படி கரைந்த நிலையில் பிடித்து வைக்கும் ஈடிடிஏ (EDTA) என்ற சேர்மத்தோடு பிணைந்திருக்கும். பிஎச் 6.5-க்கு மேல் போனால் மண்ணில் உள்ள கால்சியம் அந்த இரும்பைத் தள்ளிவிட்டு, அதன் இடத்தில் தானே உட்கார்ந்துகொள்ளும்; இரும்பு வேருக்குக் கிடைக்காது. எத்தனை ஊற்றினாலும் இலை வெளிறியே இருந்தது. அந்த பிஎச்சிலும் இரும்பை விடாமல் பிடித்து வைக்கும் ஈடிடிஹெச்ஏ (EDDHA) வகைக்கு மாறிய பிறகுதான் பச்சை திரும்பியது. விலை கூடுதல்தான், கரைத்தால் அடர்சிவப்பு, டைல்ஸில் பட்டால் கறை பிடிக்கும். ஆனாலும் அந்த இடத்துக்கு வேறெதுவும் எனக்குப் பலன் தரவில்லை.

செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு மாமா, “போரான் தனியா போடும்மா” என்றார். செம்பனைக்கு அது அவசியம். ஐரிஸ் தொட்டிக்கு நான் போடமாட்டேன். போரானில் தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறைவு, மிஞ்சினால் இலை நுனி கருகும். பொடியில் இருப்பதே போதும்.

கடையில் வாங்கும்போது லேபிளில் ஈடிடிஏ-வா, ஈடிடிஹெச்ஏ-வா என்று பாருங்கள். வெறுமனே ‘நுண்சத்து’ என்று மட்டும் போட்டிருந்தால் நான் வாங்குவதில்லை.