வகுப்புக்கு ஸ்மார்ட் போர்டா, ப்ரொஜெக்டரா? கடலூர்க் காற்றில் எது தாங்கும்

கடலூர் முதுநகரில் எங்கள் பள்ளியின் பத்தாம் வகுப்பு அறைக்கு 65 இன்ச் ஸ்மார்ட் போர்டு (தொட்டு எழுதக்கூடிய பெரிய டிவி மாதிரியான திரை) வாங்குவதா, ப்ரொஜெக்டர் வாங்குவதா என்று நிறைய அலசிவிட்டு, ப்ரொஜெக்டரைத்தான் வாங்கினோம். இதே யோசனையில் இருக்கும் ஆசிரியர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

படத் தெளிவில் போர்டை அடித்துக்கொள்ள முடியாது. ஜன்னல் திறந்திருந்தாலும் பளிச்சென்று தெரியும். ப்ரொஜெக்டருக்கு வெயில் பக்கம் திரைச்சீலையை இழுத்துவிட வேண்டும். ஜூன் மாதப் புழுக்கத்தில் பிள்ளைகளுக்கு அது கஷ்டம்தான். பாடம் இரண்டிலும் ஒன்றே. புத்தகத்தில் இருக்கும் கியூஆர் கோடு பாடங்களை அரசின் திக்‌ஷா செயலியில் முன்னாலேயே இறக்கி வைத்துக்கொண்டால் நெட் போனாலும் வகுப்பு நிற்காது.

எங்களுக்கு முடிவைச் சொன்னது பராமரிப்பு. உப்புக் காற்று அடிக்கிற ஊரில் எதை வாங்கினாலும் ஒருநாள் ரிப்பேர் வரும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போட்டோம். போர்டு 35, 40 கிலோ இருக்கும், சுவரில் போல்ட் போட்டு மாட்டியது. பழுதானால் கம்பெனி ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். திரையே போய்விட்டால் கிட்டத்தட்டப் புதிது வாங்குகிற செலவு. ப்ரொஜெக்டர் மூன்று, நான்கு கிலோதான். பையில் போட்டு பஸ்ஸில் புதுச்சேரிக்கே கொண்டுபோய்க் காட்டிவிடலாம். பல்பு 4,000 மணி நேரம் வரும் என்று வைத்தால், தினம் நான்கு மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் ஓட்டினாலும் ஐந்து வருடம். அப்புறம் பல்பை மட்டும் மாற்றினால் போதும்.

புயலையும் மறக்க முடியாது. 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல், இரண்டும் நம் கரையில்தான் ஏறின. எச்சரிக்கை வந்ததும் ப்ரொஜெக்டரைக் கழற்றி மாடி அறை பீரோவில் பூட்டிவிடலாம். சுவரோடு இருக்கும் போர்டுக்கு உறை போடுவதைத் தவிர வழி இல்லை.

ப்ரொஜெக்டருக்கும் கவனிப்பு வேண்டும். சூடாக இருக்கும்போது கரண்ட் போனால் உள்ளே விசிறி நின்று பல்பின் ஆயுள் குறையும். கரண்ட் வந்தாலும் பல்பு ஆறும்வரை எரியாது. அதனால் சின்ன யுபிஎஸ் கட்டாயம். ஃபில்டரை மாதம் ஒருமுறை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், தூசி அடைத்தால் சூடேறி அணைந்துவிடும்.

எழுதும் வசதி போர்டில்தான் என்பார்கள். நாங்கள் வெள்ளைப் பலகை மேலேயே படத்தை விழவைக்கிறோம். இதயத்தின் படம் விழும். ரத்தம் போகும் வழியைப் பிள்ளைகள் மார்க்கரால் வரைவார்கள். பிறகு படத்தை மறைத்துவிடுவேன். படம் போய்க் கோடு மட்டும் நிற்கும். இதய அறைகளின் பெயரை இப்போது எழுதுங்கள் என்றால் யாருக்குப் புரிந்தது, யார் பார்த்து வரைந்தார்கள் என்று அங்கேயே தெரிந்துவிடும். பலகை ரொம்பப் பளபளப்பாக இருந்தால் நடுவில் வெளிச்சம் கண்ணைக் கூசும், மங்கலான பரப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

ஸ்மார்ட் போர்டில் நான் தினமும் பாடம் எடுத்ததில்லை, வேறு பள்ளியில் சில வகுப்புகள் எடுத்த அனுபவம்தான். சாக்பீஸ் தூள் விளிம்பில் படிந்து, தொடாத இடத்தில் கோடு விழுந்ததை அங்கே பார்த்தேன். பல்பே இல்லாத லேசர் ப்ரொஜெக்டரை நான் பயன்படுத்திப் பார்க்கவில்லை, விலையும் எங்கள் கைக்கு எட்டவில்லை. கதவு ஜன்னல் மூடிய ஏசி அறை, தூள் பறக்காத வகுப்பு, பக்கத்திலேயே சர்வீஸ் ஆள் என்றால் போர்டு வாங்குங்கள், நான் தடுக்கமாட்டேன். பள்ளிக்கே வந்து சரிசெய்து தருவோம் என்பதை மட்டும் பணம் கட்டும் முன்பு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.