நாய்க்கு மான் கொம்பு விற்கிறார்கள், வாங்காதீர்கள்

பாளையங்கோட்டைப் பக்கம் சில செல்லப்பிராணிக் கடைகளில் நாய் கடிப்பதற்கென்று மான் கொம்புத் துண்டு விற்கிறார்கள். எங்கள் சிப்பிப்பாறை நாய் ராணிக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அவளுக்குப் பெரிய பல் ஒன்று போய்விட்டது. கடைப் பெயரைப் போடவில்லை. எந்தக் கடையில் பார்த்தாலும் உஷாராக இருங்கள் என்பதற்குத்தான் எழுதுகிறேன்.

கடைக்காரர் பேச்சு இது: "அண்ணாச்சி, இயற்கைப் பொருள். காட்டுல தானா உதிர்ந்த கொம்பு, பாவமும் இல்ல. வயித்துக்கு ஒண்ணும் செய்யாது. ஒரு கொம்பு ஆறு மாசம் ஓடும், பல்லுல இருக்க காரையெல்லாம் போயிரும்." ஒரு சாண் நீளத் துண்டு 850 ரூபாய். அந்த ஆறு மாதக் கணக்கில்தான் விஷயமே இருக்கிறது. நாய் விடாமல் கடித்தும் கொம்பு தேயாது என்றால், வேறு எது தேயும்?

ராணி அதை முன்னங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, தலையைச் சாய்த்துக் கடைவாயால் கடிப்பாள். ஒரு நாள் மதியம் 'டக்'கென்று சத்தம் கேட்டது. கொம்பில்தான் விரிசல் என்று விட்டுவிட்டோம். அப்புறம் சோற்றை ஒரு பக்கமாகவே மென்றாள். கறியெலும்பு போட்டால் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவாள். வலது கண்ணுக்குக் கீழே வீங்கியதும், குளவி கொட்டியிருக்கும் என்றார் பக்கத்து வீட்டு அத்தை. டாக்டர் உதட்டைத் தூக்கிக் காட்டினார். மேல்வரிசைப் பெரிய பல்லின் வெளிப்பக்கம் ஈறு வரைக்கும் சில்லாகப் பெயர்ந்திருந்தது, நடுவில் கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளி. பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகிற கூழ் அங்கே வெளியே தெரிகிறது, அது வழியாகக் கிருமி இறங்கி வேர் நுனியில் சீழ் பிடித்திருக்கிறது என்றார். அந்தப் பல்லின் வேர் கண்ணுக்கு நேர் கீழே இருப்பதால்தான் வீக்கம் அங்கே. கண்ணில் கோளாறு என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருப்பவர்களும் உண்டாம்.

மாட்டுக் கொம்பு மாதிரி இல்லை மான் கொம்பு. மாட்டுக் கொம்பின் மேலுறை நம் நகத்தின் வகை. மான் கொம்போ முழுக்க எலும்பு. நாய்க்கு மொத்தம் 42 பல். அதில் மேலே நாலாவது முன்கடைவாய்ப் பல்லும் கீழே முதல் கடைவாய்ப் பல்லும் கத்தரிக்கோல் மாதிரி உரசி வெட்டும். இறைச்சியை வெட்டத்தான் அந்த அமைப்பு. நாய்ப் பல்லின் எனாமல் பெரும்பாலும் 1 மில்லிமீட்டர்கூட இருக்காது, நமக்கு அதைவிடத் தடிமன். அவ்வளவு மெல்லிய மேற்பூச்சும், பலமான தாடையும், விட்டுக்கொடுக்காத கொம்பும் சேர்ந்தால் சில்லு பெயராமல் என்ன செய்யும்?

டாக்டர் சொன்ன சோதனை சுலபம். நாய்க்குக் கொடுக்கிற எந்தப் பொருளிலும் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழவில்லை என்றால் கொடுக்கக் கூடாது. மான் கொம்பு, மாட்டுக் குளம்பு, கட்டி நைலான் எலும்பு எல்லாம் இதில் தோற்றுவிடும். காரை போக வேண்டுமானால் நாய்க்கான பற்பசை போட்டுப் பிரஷ்ஷால் தேய்க்கலாம். நம் பற்பசை மட்டும் வேண்டாம், நாய் துப்பாது, விழுங்கிவிடும்.

ராணிக்கு ரூட் கேனல் செய்யலாம், அதற்குப் பெரிய ஊருக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். கடைசியில் பிடுங்கினோம். மூன்று வேர் உள்ள பல் அது. மயக்க மருந்து கொடுத்து, துண்டு துண்டாக வெட்டித்தான் எடுத்தார்கள். செலவைக் கேட்காதீர்கள்.

கடையில் போய்ச் சொன்னால், "உங்க நாய் முரட்டுத்தனமாக் கடிச்சிருக்கும் அண்ணாச்சி" என்கிறார். கடிக்கத்தானே ஐயா விற்றீர்கள்!

இன்னொரு சங்கதி. அமெரிக்கா, கனடாவில் எல்க், மூஸ் என்கிற பெரிய மான்களின் உதிர்ந்த கொம்புகளைப் பொறுக்கி விற்கிறார்கள், இந்தப் பழக்கமே அங்கிருந்து வந்ததுதான். நம் ஊரில் புள்ளிமான், மிளா கொம்பு உதிர்ந்து கிடந்தாலும் எடுத்து விற்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது அரசின் சொத்து. களக்காடு முண்டந்துறைக் காட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த நாட்டுக் கொம்பு என்றே எழுதாத கவரில் விற்கிறார்கள். வனத்துறை வந்து கேட்டால் உங்கள் கையில் காட்ட என்ன இருக்கும்?

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று தெரிந்த வக்கீல் சொன்னார், முதலில் பில்லைக் கேட்டார். எடுத்துக் காட்டினேன். கடை முத்திரையும் இல்லை, தேதியும் இல்லை. துண்டுச் சீட்டில் நீலப் பேனாவால் "பெட் ஐட்டம் 1 – 850" என்று மட்டும் எழுதியிருந்தது.