34,000 யென்னுக்கு ஒரு போலிப் பொம்மை: கியோட்டோ போகிறவர்கள் கவனத்துக்கு

பணத்தைத் திருப்பிக் கேட்டு மூன்றாவது முறையாக, கியோட்டோவில் அந்தப் பொம்மையை விற்ற கடைக்குப் போய்விட்டு, இன்றும் வெறுங்கையோடு ஒசாகா திரும்பியிருக்கிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் ‘போகட்டும்’ என்று விட்டுவிடுவது என் சுபாவம். 34,000 யென்னை அப்படி விட முடியாது. நம் கணக்கில் ஏறத்தாழ இருபதாயிரம் ரூபாய். அதில் பாதி, கோவையில் படிக்கும் என் தம்பி பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம்.

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. சொன்னது உண்மையாகவே இருந்தாலும் அவதூறு வழக்குப் போட இங்கே சட்டத்தில் இடமிருக்கிறது. இருக்கிற நஷ்டம் எனக்குப் போதும். எந்த வகைக் கடை என்று மட்டும் சொல்கிறேன். சுவர் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகள் அடுக்கியிருக்கும்; ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு, ஒரு எண். பார்த்தால் சாதாரண அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) பொருள் கடை போலத்தான் இருக்கும். ஆனால் உள்ளே இருப்பது எதுவும் கடைக்காரருடையது அல்ல. யார் யாரோ மாத வாடகைக்குப் பெட்டி எடுத்துத் தங்கள் சரக்கை வைத்துவிட்டுப் போகிறார்கள். விற்றால் கடை தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அவர்களிடம் கொடுக்கும். ஜப்பானில் இது பழைய, சட்டப்படியான வியாபாரம்தான். எனக்குத்தான் தெரியாது.

வாங்கிய அன்று காலை கியோட்டோவின் மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) அருங்காட்சியகத்தில் இருந்தேன். பழைய தொடக்கப் பள்ளிக் கட்டடத்தில் 2006இல் திறந்தது. சுவர் சுவராக ஏறத்தாழ 50,000 மங்கா நூல்கள். எதை வேண்டுமானாலும் உருவிக்கொண்டு போய் வெளியே புல்வெளியில் படுத்துப் படிக்கலாம். யாரும் காவல் இல்லை. அந்த மயக்கத்தோடுதான் ஒய்கே தெரு வழியாகக் கிழக்கே நடந்து, தெராமச்சியின் கூரையிட்ட கடைத்தெருவுக்குள் நுழைந்தேன். தெராமச்சி என்றால் கோயில் பகுதி என்று பொருள். பதினாறாம் நூற்றாண்டில் ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷி ஊரிலிருந்த பல கோயில்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து வரிசையாக வைத்த இடம். இன்றும் செருப்புக் கடைக்கும் அனிமே கடைக்கும் நடுவில் திடீரென்று ஒரு கோயில் வாசல் வரும். அப்படிப்பட்ட தெருவில் யார் ஏமாற்றுவார்கள்?

பக்கச் சந்தில் ஒரு மாடிப்படி. ஏறினேன். 112ஆம் எண் பெட்டியில் தம்பி இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்த பொம்மை இருந்தது. (பொம்மை என்றால் கோபித்துக்கொள்வான், ஃபிகர் என்றுதான் சொல்ல வேண்டும்.) ஏழில் ஒரு பங்கு அளவில் செய்த வாள்வீராங்கனை. தயாரிப்பு நின்றுபோனதால் பழைய பொருள் சந்தையில்தான் கிடைக்கும். விலை 34,000 யென், வரியோடு. மலிவாக இருந்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். ஏலத் தளங்களில் தம்பி பார்த்து வைத்திருந்த அதே விலை. போலிக்கு அசல் விலை வைக்கிறவன் புத்திசாலி.

கடைப் பையன் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு பூட்டைத் திறந்து, கைக்குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் அட்டைப் பெட்டியை எடுத்து, பட்டுத்துணி விரித்த தட்டில் வைத்தான். விலைச்சீட்டில் ‘மிகாய்ஃபூ’ என்று எழுதியிருந்தது. முத்திரை பிரிக்காதது என்று பொருள். “மிகாய்ஃபூ தானே?” என்று விரலை வைத்துக் கேட்டேன். “ஹாய், மிகாய்ஃபூ தெஸ்” (ஆமாம், பிரிக்காததுதான்) என்று தலை தாழ்த்தினான். அந்தக் கையுறையும் அந்த வணக்கமும்தான் என்னை விழுங்கின. திறந்து காட்டச் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் திறந்தால் அது பிரிக்காத பெட்டியாக இருக்காதே! சோதிக்கவே முடியாத ஒன்றுக்குத்தான் கூடுதல் விலை கொடுக்கிறோம் என்பது அந்த நிமிடத்தில் எனக்கு உறைக்கவில்லை. ரொக்கமாக 34,000 யென் எண்ணி வைத்தேன். ரசீதின் ஓரத்தில் அடித்திருந்த சிவப்பு முத்திரையை ரயிலில்தான் படித்தேன்: திருப்பி எடுத்துக்கொள்ளப்படாது.

இரவு தம்பியை வீடியோவில் அழைத்துப் பெட்டியைக் காட்டினேன். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

“அக்கா, அந்த டேப்பைக் கிட்டே காட்டு. கீழே இன்னொரு டேப்பின் பசை தெரிகிறது.”

திறந்தோம். வாசலுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்தது போல ஒரு நெடி. முகத்தில் எண்ணெய் வழிவது போன்ற பளபளப்பு. கூந்தலில் அச்சின் கோடு அப்படியே நிற்கிறது. வாள் அவள் கைக்குள் நுழையவே இல்லை. பீடத்தின் அடியில் உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயர் பொறித்திருக்க வேண்டிய இடம் மொட்டையாக இருந்தது. பெட்டி மட்டும் அசல். அசலை யாரோ அலமாரியில் வைத்துக்கொண்டு, பெட்டிக்குள் போலியைப் போட்டு ஒட்டி விற்றிருக்கிறார்கள். தம்பி எதுவும் பேசவில்லை. “பரவாயில்லை அக்கா” என்று கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் அழுதிருப்பேன்.

மறுநாள் தொலைபேசியில் அழைத்தேன். பொறுப்பாளர் இல்லை, நாளை அழையுங்கள். நாளையும் பொறுப்பாளர் இல்லை. நேரில் போனேன். அதே பையன், அதே வணக்கம். “நாங்கள் பெட்டியை வாடகைக்கு விடுகிறோம், அவ்வளவுதான். பொருள் எங்களுடையது அல்ல.” சரி, வைத்தவர் யார்? “தனிப்பட்ட விவரம், சொல்ல இயலாது.” சரி, அவரிடம் நீங்களே கேட்டுச் சொல்லுங்கள். “தெரிவிக்கிறோம்.” இரண்டாம் முறை போனபோது தெரிவித்துவிட்டார்களாம், பதில் வரவில்லையாம். நான் ஒன்று கேட்டால் அவன் ஒருமுறை குனிவான். ஏழு முறை எண்ணினேன். கத்துகிறவனிடம் நானும் கத்திவிடுவேன். குனிகிறவனிடம் என்ன செய்வது? நம்மூர்க் கடையாக இருந்திருந்தால் இந்நேரம் நாலு பேர் கூடியிருப்பார்கள்.

பக்கத்துக் கோபானில் (சிறிய காவல் சாவடி) இருந்த காவலர் நாற்காலி போட்டுக் கேட்டார். 188க்கு அழைக்கச் சொன்னார். அது நுகர்வோர் ஆலோசனை எண். அங்கே பேசிய அம்மையார் பொறுமையாக விளக்கினார். கடையில் நாமாகப் போய் வாங்கிய பொருளுக்கு, மனம் மாறித் திருப்பித் தரும் உரிமை கிடையாது. நுகர்வோர் ஒப்பந்தச் சட்டம் வணிகருக்கும் நுகர்வோருக்கும் இடையில்தான் செல்லும். விற்றவர் தனிநபர் என்றால் அது பொருந்தாது. சொன்னபடி இல்லாத பொருளுக்குச் சிவில் சட்டப்படி விற்றவரிடம் கேட்கலாம். யார் என்று தெரிந்தால்.

அங்கிருந்து வந்து ஹொன்னோஜி கோயில் வாசலில் உட்கார்ந்தேன். 1582இல் போர்த்தலைவர் நோபுநாகாவை அவருடைய தளபதி மிட்சுஹிதெயே சூழ்ந்துகொண்டது ஹொன்னோஜியில்தான். அப்போது கோயில் வேறிடத்தில் இருந்தது, பிறகுதான் தெராமச்சிக்கு மாற்றினார்கள். நோபுநாகாவுக்காவது யார் துரோகம் செய்தது என்று தெரிந்தது. எனக்குத் தெரிந்தது 112 என்ற எண் மட்டும்.

எப்படி வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்துத்தான் ஆரம்பித்தேன். நாளை வேலை இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுவரில் எண்ணிட்ட பூட்டுப் பெட்டிகள் இருந்தால், விற்பது யார் என்று முதலில் கேளுங்கள். பழைய பொருளைத் தாமே வாங்கி விற்கும் கடையில், கருநீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் உரிம எண் மாட்டியிருக்கும், அதைத் தேடுங்கள். ‘மிகாய்ஃபூ’ என்ற சொல்லை நம்பாதீர்கள், டேப்பை விரலால் தடவுங்கள். பிரித்த பெட்டியே மேல், உள்ளே இருப்பதைப் பார்த்து வாங்கலாம். ‘ஜங்க்கு’ என்று எழுதியிருந்தால் அது பழுதான பொருள், பிறகு பேச முடியாது. பணம் கொடுக்கும் முன், திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். ரொக்கம் வேண்டாம்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். இன்று நான் போனபோது 112ஆம் பெட்டி காலியாக இல்லை. அதே வாள்வீராங்கனை, அதே கையெழுத்தில் ‘மிகாய்ஃபூ’. பையனிடம் சுட்டிக்காட்டினேன். குனிந்தான். இந்த முறை விலை 36,000 யென்.