வண்டிக்கு இரண்டாவது பேட்டரி போடப் போகிறீர்களா? 2,850 டாலர் ஏமாந்தவன் சொல்கிறேன், கேளுங்கள்

நேற்று சாயங்காலம்தான் முழு விவரமும் தெரிந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். மெல்பர்னில் ஃபோர் வீல் டிரைவ் வைத்திருக்கும் நம்மவர்கள் யாராவது டூயல் பேட்டரி போட நினைத்தால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். எனக்குப் போனது 2,850 டாலர்.

திருச்சியிலிருந்து அப்பா வந்திருக்கிறார். தினமும் இன்சுலின் போடுகிறவர். மர்ரே-சன்செட் தேசியப் பூங்காவில் இருக்கும் பிங்க் லேக்ஸ் என்ற இளஞ்சிவப்பு ஏரிகளை அவருக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை. கிட்டத்தட்ட ஆறு மணி நேர ஓட்டம், தங்குகிற இடத்தில் கரண்ட் கிடையாது. ராத்திரியெல்லாம் வண்டியில் ஃப்ரிட்ஜ் ஓடினால் ஸ்டார்ட் செய்கிற பேட்டரி இறங்கிவிடும் என்பதால் தனியாக ஒரு 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி, ஓடும்போது அதைச் சார்ஜ் செய்ய ஒரு டிசி-டிசி சார்ஜர், சார்ஜ் எவ்வளவு மிச்சம் என்று போனில் காட்டும் மானிட்டர் மூன்றையும் சேர்த்துப் போடச் சொன்னேன்.

ஆள், வீட்டுக்கே வந்து பொருத்தித் தரும் ஆட்டோ எலக்ட்ரீஷியன். தெரிந்தவர் சொல்லி வந்தவர், தமிழ் பேசுகிறவர். வந்ததும் அப்பாவிடம், "சாப்பிட்டீங்களாப்பா?" என்று விசாரித்தார். அதிலேயே எனக்கு மனசு இறங்கிவிட்டது. வேலை முடிந்ததும் என் போனில் ஆப்பைத் திறந்து காட்டினார். பச்சை நிறத்தில் பெரிதாக 100 சதவீதம். "அண்ணா, இனிமே நீங்க பேட்டரி பக்கமே போக வேண்டாம். இந்த நம்பரை மட்டும் பாருங்க, போதும்" என்றார். நானும் அந்த நம்பரை மட்டும்தான் பார்த்தேன். 2,850 டாலரை அங்கேயே நின்று அனுப்பினேன். வந்த பில்லில் "டூயல் பேட்டரி வேலை" என்று ஒரே வரி.

போன வாரம் கிளம்பினோம். இரண்டாம் நாள் ராத்திரி படுக்கும் முன் பார்த்தபோது 97 சதவீதம். ஃப்ரிட்ஜ் இவ்வளவு ஓடியும் மூன்றுதான் குறைந்திருக்கிறது, நல்ல பேட்டரி என்று வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டுத் தூங்கினேன். அதே திரையில் கீழே சின்ன எழுத்தில் 12.8 வோல்ட் என்றும் இருந்தது. நிறைந்த லித்தியம் பேட்டரி சும்மா இருக்கும்போதே 13.3 வோல்ட்டுக்கு மேல் காட்டும், 12.8 என்றால் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது என்று எனக்கு அப்போது தெரியாது.

காலையில் ஏரியைச் சுற்றிவிட்டு மத்தியானம் திரும்பினோம். சரியான வெயில். ஃப்ரிட்ஜ் மூடியைத் திறந்தால் முகத்தில் வெக்கை அடித்தது. தயிர் பொங்கி வழிந்திருந்தது. அடியில் இருந்த இன்சுலின் டப்பாவைக் கையில் எடுத்தால் வெதுவெதுவென்று இருந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆப்பைத் திறந்தேன். கருவியே கிடைக்கவில்லை என்றது. சார்ஜ் தீர்ந்து பேட்டரி தன்னைத்தானே அணைத்துக்கொண்டபோது, அதிலிருந்தே ஓடுகிற மானிட்டரும் சேர்ந்து செத்துப்போயிருக்கிறது. அன்றைக்கே ஊர் திரும்பினோம். ஃபார்மஸியில் காட்டினால், அந்த இன்சுலினைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த எலக்ட்ரீஷியனுக்கு போன் செய்தேன். முதல் தடவை, "ப்ளூடூத் பிரச்சினை அண்ணா, ஆப்பை அழிச்சிட்டுத் திரும்பப் போடுங்க." இரண்டாவது தடவை, உங்க ஃப்ரிட்ஜ்தான் கரண்ட்டைக் குடிக்கிறது. மூன்றாவது தடவை, பேட்டரி கம்பெனியில் கேளுங்கள். நான்காவது தடவை 'அண்ணா' காணாமல் போய்விட்டது. "நீங்க வயரைத் தொட்டிருக்கீங்க. வாரண்டி கிடையாது." அதற்கப்புறம் எடுக்கவே இல்லை.

நேற்று வேறொரு எலக்ட்ரீஷியனிடம் கொண்டு போனேன். ஃப்ரிட்ஜ் வயரில், கரண்ட்டை அளக்கிற கிளாம்ப் மீட்டரை மாட்டினார். 4 ஆம்பியர் ஓடுகிறது, என் போனில் 0.0. பேட்டரியின் மைனஸ் முனையைக் காட்டினார். அங்கே ஷண்ட் என்று ஒரு சின்னக் கட்டை உண்டு. உள்ளே வருகிற, வெளியே போகிற கரண்ட் மொத்தமும் அதைத் தாண்டிப் போனால்தான் மானிட்டரால் கணக்கு வைக்க முடியும். என் வண்டியில் ஃப்ரிட்ஜின் மைனஸும் சார்ஜரின் மைனஸும் நேராக பேட்டரி முனையில் முறுக்கப்பட்டிருந்தன. கேம்ப் லைட்டின் மெல்லிய வயர் ஒன்றுதான் ஷண்ட் வழியாகப் போயிருக்கிறது. நான் பார்த்த 97, அந்த லைட்டின் கணக்கு.

சரி, ஆறு மணி நேரம் ஓட்டினேனே, சார்ஜ் ஏறியிருக்க வேண்டாமா? ஏறவில்லை. எஞ்சின் ஓடும்போது கரண்ட் தயாரிப்பது ஆல்டர்னேட்டர். என் வண்டியில் இருப்பது ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர், ஓடும்போது வோல்டேஜைக் குறைத்துக்கொள்ளும். அதனால் சார்ஜர் விழித்துக்கொள்ள இக்னிஷனிலிருந்து ஒரு சிக்னல் வயர் கொடுத்தே ஆக வேண்டும். அந்த வயரைச் சுருட்டி, டேப் சுற்றி, ஓரமாகச் செருகி வைத்திருக்கிறார் மனிதர். மறந்த வேலை இல்லை, டேப் சுற்றியிருக்கிறாரே! இது போதாதென்று, முன் பேட்டரியிலிருந்து டிக்கி வரை வருகிற பெரிய கேபிளுக்கு பேட்டரி பக்கத்தில் ஃபியூஸே இல்லை. எங்காவது உரசித் தோல் கிழிந்திருந்தால் வண்டியே எரிந்திருக்கும். அப்பாவை ஏற்றிக்கொண்டு போன வண்டி.

விளக்கமாக எழுத நினைத்தேன், நேரமில்லை. பணம் கொடுக்கும் முன் ஃப்ரிட்ஜை ஓடவிட்டு ஆப்பில் ஆம்பியர் மாறுகிறதா என்று பாருங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் சார்ஜ் உள்ளே போவது தெரிய வேண்டும். சதவீதத்தை மட்டும் நம்பாமல் வோல்ட்டையும் பாருங்கள். ஃபியூஸ் எங்கே என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒரு வரி பில்லை வாங்காதீர்கள்.

"வாரண்டி கிடையாது" என்று அவர் சொன்னால் முடிந்துவிடாது. வேலையை ஒழுங்காகச் செய்து தர வேண்டும் என்று ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டமே சொல்கிறது. இந்த மாதிரி வழக்குகளை விசாரிக்கிற விக்டோரியா மாநிலத் தீர்ப்பாயமான விகேட்டுக்கு (VCAT) இன்று ராத்திரி மனு எழுதப் போகிறேன். 2,850 டாலர், ஒரு டாலர் குறைக்க மாட்டேன். இப்போது அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். விசிட்டர் விசாவில் வந்தவர், இங்கத்து அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் கிடையாது, புது இன்சுலினுக்கும் கைக்காசுதான்.