நீலகிரி மண்சரிவு: ஆயத்த வரைபடமா, க்யூஜிஐஎஸ்ஸா, டிரோனா?

2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அந்த மழையில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதே மழை திரும்ப வந்தால் நம் ஊரில் எந்தச் சரிவு இறங்கும்? கணினி வரைபடத்தில் இதைத் தேட மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் ஆயத்தமாகத் தரும் மண்சரிவு வாய்ப்பு வரைபடம். அந்த நிறுவனத்தின் பூகோஷ் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். மண் சரியும் வாய்ப்பு அதிகம், நடுத்தரம், குறைவு என்று மலையைப் பிரித்திருப்பார்கள். தாலுகா அளவில் திட்டமிட இதை நம்பலாம். ஆனால் அளவு 1:50,000. வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 50 மீட்டர். எந்தத் தெரு என்று கேட்டால் பதில் கிடைக்காது.

இரண்டாவது, இலவச வரைபட மென்பொருளான க்யூஜிஐஎஸ்ஸில் நாமே வரைவது. சாய்வைக் கணக்கிட, தரையைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றின் உயரத்தையும் தரும் உயரத் தரவு வேண்டும். அதற்கு, 30 மீட்டர் கட்டங்கள் கொண்ட ஐரோப்பிய கோப்பர்நிக்கஸ் தரவு என் தேர்வு. அமெரிக்க விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரில் அளந்த எஸ்ஆர்டிஎம் தரவு 2000ஆம் ஆண்டில் எடுத்தது, பழசு. 12.5 மீட்டர் என்று சொல்லித் தரும், ஜப்பானிய செயற்கைக்கோள் பெயர் கொண்ட அலோஸ் பால்சார் உயரத் தரவைப் பார்த்து ஏமாற வேண்டாம். நம் பக்கத்துக்கு அது பெரும்பாலும் எஸ்ஆர்டிஎம்மையே பொடிக் கட்டங்களாக்கித் தந்தது. புது விவரம் எதுவும் இல்லை.

30 மீட்டர் கட்டம் ஒன்று கிட்டத்தட்ட 22 சென்ட் நிலம். அதற்குள் வீடு, நாலு வரிசை தேயிலை, ஓடை, வீட்டுக்குப் பின்னால் நெட்டுக்குத்தாக வெட்டிய மண்சுவர் எல்லாம் அடங்கிவிடும். கணினிக்கோ அங்கே தெரிவது ஒரே ஒரு சாய்வு. நீலகிரியில் பல சமயம் ஆளைக் கொல்வது அந்த வெட்டுச்சுவர்தான். அப்படியிருந்தும் இந்த வழியைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். கூகுள் எர்த்தின் பழைய படங்களில், முன்பு மண் சரிந்த இடங்களின் தழும்புகளைத் தேடிக் குறிக்கலாம். புதர் மூடிய தழும்பு படத்தில் தெரியாது. அதற்கு ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிப்போய், அவர்கள் காட்டும் இடத்தைப் போன் ஜிபிஎஸ்ஸில் பதியவேண்டும். அப்புறம் சாய்வு, ஓடை, புது ரோடு மூன்றையும் மேலே பொருத்திப் பாருங்கள். எந்த ஆயத்த வரைபடமும் இவ்வளவு நெருங்கி வராது.

மூன்றாவது, டிரோன். சில சென்டிமீட்டர் வரை காட்டும். தேயிலைச் சரிவில் அருமை. சில்வர் ஓக், கற்பூர மரக் காட்டுக்குள் சாதாரண கேமராவுக்குத் தரையே தெரியாது, லேசர் ஒளியால் தரையை அளக்கும் லைடார் வேண்டும், செலவு எகிறும். அதனால் ஊர் முழுக்கப் பறக்கவிடாதீர்கள். தழும்புக்குக் கீழேயோ ஓடை ஓரத்திலோ மலையை வெட்டிக் கட்டிய வீட்டு வரிசைகளுக்கு மட்டும் போதும். ஜனவரிக்கு மேல், மழை விட்ட பிறகு எடுத்தால், அடுத்த மழைக்கு முன் தடுப்புச்சுவருக்கும் வடிகாலுக்கும் மனு கொடுக்க நேரம் இருக்கும்.